வீட்டுக் கணக்கில் ஏழையின் பங்கு

தர்மத்தைப் பற்றி ஸஹாபாப் பெருமக்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்ட ஒரு கேள்வியைத் திருமறை இரண்டு இடங்களில் எடுத்துச் சொல்கிறது. எதைச் செலவு செய்வது என்பதே அக்கேள்வி. அல்பகரா அத்தியாயத்தின் 215ஆம் வசனத்தில் அதற்கு வரும் விடை, யாருக்குக் கொடுப்பது என்பதைக் கற்பிக்கிறது. பெற்றோர், நெருங்கிய உறவினர், அநாதைகள், ஏழைகள், வழிப்போக்கர் என்று வரிசையும் கூறப்படுகிறது. அதே அத்தியாயத்தின் 219ஆம் வசனத்தில் வரும் விடை, எவ்வளவு என்பதைக் கற்பிக்கிறது. அங்கே அல்லாஹ் தஆலா எடுத்தாண்ட சொல் ‘அஃப்வ்’ என்பதாகும். தன் தேவையும் தன் பொறுப்பில் உள்ளவர்களின் தேவையும் போக எஞ்சியது என்று விரிவுரையாளர்கள் இதற்குப் பொருள் கூறுகிறார்கள்.

கடமையான ஜகாத்துக்கு ஷரீஅத் தெளிவான கணக்கை வகுத்துவிட்டது. ஆனால் ஸதக்கா என்னும் விருப்பத் தர்மத்தில், எஞ்சியது எவ்வளவு என்பதை அந்தந்த வீடே தீர்மானிக்கிறது. ஒரே தெருவில் ஏறத்தாழ ஒரே வருமானம் உள்ள இரண்டு வீடுகளைப் பாருங்கள். ஒரு வீட்டிலிருந்து மாதந்தோறும் யாரோ ஓர் ஏழைக்கு ஏதோ ஒன்று போய்க்கொண்டே இருக்கும். மற்ற வீட்டில் ரமலான் மாதத்தில் வாசலுக்கு வருவோருக்குச் சில்லறை கொடுப்பதோடு தர்மம் முடிந்துவிடும். இரண்டாம் வீட்டாரும் தொழுகையாளிகளே, நல்லவர்களே. அப்படியானால் கொடுக்கும் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் எவை? இவற்றைத் தெரிந்துகொண்டால் நம் வீட்டில் எந்த வாசல் அடைபட்டிருக்கிறது என்பதைக் கண்டு திறக்கலாம். அந்த நோக்கத்தோடு இந்தப் பாடத்தைப் படிப்போம்.

1. வருமானம்

வருமானம் கூடினால் தர்மம் கூடும் என்று நாம் எண்ணுகிறோம். தொகையில் அது கூடலாம். பங்கில் கூடும் என்று சொல்ல முடியாது. வருமானம் உயர உயர, நேற்று வரை ஆசையாக இருந்தது இன்று தேவையாகிவிடுகிறது. வாடகை வீட்டில் இருந்தபோது சொந்த வீடு வரட்டும் என்றோம். வீடு வந்தபின் மாடி எழும்பட்டும் என்றோம். மாடி எழும்பியபின் மகளின் நிக்காஹ் முடியட்டும் என்கிறோம். எஞ்சியதைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் எதுவும் எஞ்சாதபடி நாமே பார்த்துக்கொள்கிறோம்.

ஒரு திர்ஹம் ஓர் இலட்சம் திர்ஹத்தை முந்திவிட்டது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அருளிய செய்தியை அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக நஸயீ நூலில் காண்கிறோம். அது எப்படி என்று தோழர்கள் கேட்டபோது அண்ணலார் விளக்கினார்கள். ஒருவரிடம் இருந்தவை இரண்டே திர்ஹங்கள். அவற்றில் ஒன்றைக் கொடுத்தார். இன்னொருவரோ குவிந்து கிடந்த செல்வத்தின் ஓரத்திலிருந்து ஓர் இலட்சத்தை எடுத்துக் கொடுத்தார். இலட்சம் கொடுத்தவரின் செயல் இழிவன்று. அதற்கும் கூலி உண்டு. ஆனால் அல்லாஹ்விடத்தில் தொகை மட்டுமே அளவுகோல் அன்று என்பதை இந்த ஹதீஸ் உணர்த்துகிறது. வசதி படைத்தவர் தம் வசதிக்கேற்பவும், நெருக்கடியில் உள்ளவர் அல்லாஹ் தமக்குக் கொடுத்ததிலிருந்தும் செலவு செய்யட்டும் என்று தலாக் அத்தியாயத்தின் 7ஆம் வசனம் கூறுகிறது. அவ்வசனம் பேசுவது குடும்பச் செலவைப் பற்றி. ஆயினும் அவரவர் சக்திக்கு ஏற்ப என்ற அதே அளவு தர்மத்துக்கும் பொருந்தும்.

2. வறுமை பற்றிய அச்சம்

ஷைத்தான் உங்களுக்கு வறுமையைக் காட்டி மிரட்டுகிறான் என்ற கருத்தை அல்பகரா 268ஆம் வசனத்தில் அல்லாஹ் எச்சரிக்கையாகத் தருகிறான். கொடுக்க நீட்டிய கையை மடக்க வைப்பது பெரும்பாலும் இந்த மிரட்டலே. நாளைக்கு நோய் வந்தால்? கடை நொடித்தால்? வெளிநாட்டு வேலை போய்விட்டால்?

இந்த அச்சம் முழுவதையும் ஷைத்தானின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. தினக்கூலிக்குப் போகிறவருக்கும், கடலுக்குப் போகிறவருக்கும், பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றும் தாய்க்கும் நாளை என்பது உண்மையிலேயே நிச்சயமற்றது. ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது தம் சொத்தின் பெரும் பகுதியைத் தர்மம் செய்ய நாடினார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்தினார்கள்; அதுவும் அதிகம்தான் என்றார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விடுவதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வது மேல் என்று அறிவுறுத்தினார்கள். கையைக் கழுத்தில் கட்டிக்கொள்ளவும் வேண்டாம், முழுவதும் விரித்துவிடவும் வேண்டாம் என்பது பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 29ஆம் வசனம் தரும் நடுவழி.

ஆகவே அச்சம் வரும்போது அதைக் கணக்கில் கொண்டுவந்து பார்க்க வேண்டும். இந்த மாத அரிசி, மருந்து, பிள்ளையின் கட்டணம், கொடுக்க வேண்டிய கடன் ஆகியவை தேவைகள். இவற்றுக்குப் பணம் இல்லாதபோது கொடுக்க முடியாதவர் மீது குற்றம் இல்லை. ஆனால் இவையெல்லாம் போகவும் மீதி இருக்கும்போது கை நடுங்கினால், அதுவே திருமறை சொன்ன மிரட்டல். உடல் நலத்தோடும், பொருளின் மேல் ஆசையோடும், வறுமைக்கு அஞ்சியும் செல்வத்தை எதிர்பார்த்தும் இருக்கும் நிலையில் கொடுப்பதே சிறந்த தர்மம் என்ற கருத்தில் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் ஹதீஸ் வந்துள்ளது. உயிர் தொண்டைக்குழிக்கு வந்தபின் அவருக்கு இவ்வளவு, இவருக்கு இவ்வளவு என்று பங்கிடும் வரை தள்ளிப்போடாதீர் என்றும் அதில் எச்சரிக்கை உண்டு. அச்சம் தீர்ந்த பிறகு கொடுப்போம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

3. கணக்கு அறியாமை

நம் வீடுகளில் ஜகாத் குறைவதற்குக் கஞ்சத்தனத்தைவிடக் கணக்கு தெரியாமையே பெரிய காரணம் என்று நாம் கருதுகிறோம். இதில் மிக முக்கியமானது நகை.

ஜகாத் குடும்பத்தின் மீது மொத்தமாகக் கடமையாவதில்லை. பொருளுக்கு உடையவர் எவரோ அவர் மீது கடமையாகிறது. மனைவியின் நகை மனைவியின் சொத்து. அதன் ஜகாத்துக்கும் அவரே பொறுப்பாளி. ஆனால் நடப்பது என்ன? நகை என்னுடையதல்லவே என்று கணவர் இருந்துவிடுகிறார். என் கையில் ரொக்கம் இல்லையே என்று மனைவி இருந்துவிடுகிறார். இருவரும் ஒருவரையொருவர் குறை கூறுவதில்லை, சண்டையும் இல்லை. ஆனால் ஏழையின் பங்கு மட்டும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. மனைவியின் சம்மதத்தோடு கணவர் தம் பணத்திலிருந்து அவருக்காகக் கொடுத்தாலும் அது நிறைவேறிவிடும். ரொக்கம் இல்லாவிட்டால் நகையில் ஒரு சிறு பகுதியை விற்றோ, நகையாகவேயோ கொடுக்கலாம்.

ஹனஃபி மத்ஹபின்படி அணியும் நகைக்கும் ஜகாத் உண்டு. ஒரு பெண்மணி தம் மகளோடு நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார். மகளின் கையில் கனத்த இரண்டு பொன் வளையல்கள் இருந்தன. இவற்றுக்கு ஜகாத் கொடுக்கிறீரா என்று அண்ணலார் வினவினார்கள். அபூதாவூதில் வரும் இந்த ஹதீஸ் அவர்களின் ஆதாரங்களுள் ஒன்று. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கூற்றின்படி, பெண்கள் வழக்கத்துக்கு உட்பட்ட அளவில் அணிவதற்காக வைத்துள்ள நகைக்கு ஜகாத் இல்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் பொறுப்பில் வளர்ந்த அநாதைச் சகோதரப் பெண்களின் நகைக்கு ஜகாத் எடுக்கவில்லை என்று முவத்தாவில் வரும் செய்தி அவர்களின் ஆதாரங்களுள் ஒன்று. ஆயினும் அளவு கடந்த நகைக்கும், சேமிப்பாக வாங்கி வைக்கும் பொற்காசு, தங்கக்கட்டி போன்றவற்றுக்கும் அவர்களிடத்திலும் ஜகாத் உண்டு. ஆகவே எந்த மத்ஹபைப் பின்பற்றினாலும் பெட்டியைத் திறந்து ஒரு முறை எடை போட்டுப் பார்க்காமல் தப்ப முடியாது.

தங்கத்தின் நிஸாப் 20 மிஸ்கால். நம் நாட்டு ஹனஃபி ஆலிம்கள் அதை ஏழரைத் தோலா, அதாவது 87.48 கிராம் என்று கணக்கிடுகிறார்கள். பவுனுக்கு 8 கிராம் என்று வைத்தால் இது 11 பவுனுக்குச் சற்றுக் குறைவு. வெள்ளியின் நிஸாப் 200 திர்ஹம்; அது ஐம்பத்திரண்டரைத் தோலா, அதாவது 612.36 கிராம். 85 கிராம் தங்கம், 595 கிராம் வெள்ளி என்று கணக்கிடும் ஆலிம்களும் உண்டு. கொடுக்க வேண்டியது நாற்பதில் ஒன்று. இந்தக் கணக்கு மிக எளிது: 40 பவுன் இருந்தால் ஆண்டுக்கு 1 பவுன், ஆயிரம் ரூபாய்க்கு 25 ரூபாய். 11 பவுன் இல்லையே என்று உடனே விலகிக்கொள்ளவும் கூடாது. தங்கத்தோடு ரொக்கமோ வெள்ளியோ வியாபாரச் சரக்கோ இருந்தால், ஹனஃபி முறையில் எல்லாவற்றின் மதிப்பையும் சேர்த்து, அது வெள்ளியின் நிஸாபை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த விவரத்தை உங்கள் மஹல்லா ஆலிமிடம் பட்டியலோடு சென்று கேட்டுத் தெளிவடையுங்கள்.

பத்தாண்டுகள் கணக்குப் பார்க்காமல் விட்ட வீட்டை எண்ணிப் பாருங்கள். 40 பவுனுக்கு உடைய ஒரு ஹனஃபி சகோதரி ஒவ்வோர் ஆண்டும் நாற்பதில் ஒன்றைக் கழித்து வந்திருந்தால், பத்தாண்டில் ஏறத்தாழ 9 பவுன் ஏழைகளிடம் போய்ச் சேர்ந்திருக்கும். அது ஒரு விதவையின் குடும்பம் தையல் கடை வைத்து நிமிரப் போதுமான பொருள் அல்லவா? ஆண்டுகள் கழிந்தன என்பதால் அது மன்னிக்கப்பட்டுவிடவில்லை; கடனாக நிற்கிறது. தெரிந்தவுடன் சிறிது சிறிதாகவேனும் தீர்க்கத் தொடங்க வேண்டும்.

இன்னொரு பிழை ஆண்டுக் கணக்கில் நிகழ்கிறது. ஜகாத்தின் ஆண்டு பிறை ஆண்டு. அது ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைந்தது. ஏப்ரலுக்கு ஏப்ரல் கணக்கு முடிக்கும் வியாபாரி அதே கணக்கில் ஜகாத்தையும் கொடுத்து வந்தால், சுமார் 32 ஆண்டுகளில் ஓர் ஆண்டின் ஜகாத்து அவருக்குத் தெரியாமலேயே தவறிப்போகும். ஆகவே ஒரு பிறைத் தேதியை வீட்டின் ஜகாத் நாளாகக் குறித்து வைத்துக்கொள்வது அவசியம்.

4. வீட்டுப் பெண்களின் கை

சமையலறையில் எவ்வளவு பொங்குவது, எதை எடுத்து வைப்பது, அடுத்த வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதையெல்லாம் ஆண்களைவிடப் பெண்களே அறிவார்கள். கெடுக்கும் நோக்கமின்றி வீட்டு உணவிலிருந்து ஒரு பெண் தர்மம் செய்தால், கொடுத்ததற்கான கூலி அவளுக்கும், சம்பாதித்ததற்கான கூலி கணவனுக்கும் உண்டு. ஒருவரின் கூலியால் மற்றவரின் கூலி குறைவதில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

அஸ்மா பின்த் அபீபக்கர் (ரலி) அவர்கள், தம் கணவர் ஸுபைர் (ரலி) கொண்டுவந்து தருவதைத் தவிரத் தம்மிடம் எதுவும் இல்லையே, அதிலிருந்து தர்மம் செய்யலாமா என்று கேட்டார்கள். கொடுக்கும்படியும், முடிந்து முடிந்து வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) அவர்களோ, தம் கணவருக்கும் தம்மிடம் வளரும் அநாதைகளுக்கும் செலவு செய்வது தர்மமாகுமா என்று கேட்டு, உறவைப் பேணிய கூலி, தர்மத்தின் கூலி என இரண்டு கூலிகள் உண்டு என்ற நற்செய்தியைப் பெற்றார்கள்.

எனவே கணவன்மார்களுக்கு ஒன்று சொல்வோம். மளிகைக்கும் பாலுக்கும் கணக்காகக் கொடுத்துவிட்டு மனைவியின் கையை வெறுமையாக வைக்காதீர்கள். ஒரு சிறு தொகையை, இது உன் விருப்பப்படி கொடுப்பதற்கு என்று பொதுவான அனுமதியோடு ஒப்படையுங்கள். அத்தொகை எங்கே போக வேண்டும் என்பது பல நேரங்களில் உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

5. கண்ணில் படுவதும் கேட்கப்படுவதும்

நெதர்லாந்து ஆய்வாளர்களான ரெனே பெக்கர்ஸும் பமலா வீப்கிங்கும் 2011ஆம் ஆண்டில், மனிதர்கள் தர்மம் செய்வதைப் பற்றி வெளிவந்த 500க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து, எட்டுக் காரணங்களைக் கண்டு எழுதினார்கள். அவற்றுள் முதலில் நிற்பவை இரண்டு: பிறரின் தேவை கண்ணில் படுவது, ஒருவர் வந்து கேட்பது. நற்பெயரும், மனத்துக்குக் கிடைக்கும் நிறைவும், கொடுத்தது பயன்படும் என்ற நம்பிக்கையும் அந்த எட்டில் அடங்கும்.

இவற்றின் விளக்கத்தை மதீனாவின் பள்ளிவாசலிலேயே காணலாம். முழர் குலத்தார் சிலர் காலில் செருப்பின்றி, கிழிந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தார்கள். அவர்களின் வறுமையைக் கண்டதும் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் மாறிவிட்டது. தொழுகை முடித்து உரை நிகழ்த்தி, பொற்காசோ வெள்ளிக்காசோ துணியோ கோதுமையோ பேரீச்சம்பழத்தில் பாதியோ, முடிந்ததைக் கொடுக்கும்படி தூண்டினார்கள். அன்ஸாரிகளில் ஒருவர் கையால் தூக்க முடியாத ஒரு பண முடிப்பைக் கொண்டுவந்து வைத்தார். அவரைக் கண்டு மற்றவர்களும் எழுந்தார்கள். உணவும் துணியும் இரண்டு குவியல்களாக உயர்ந்தன. அண்ணலாரின் முகம் பொன்னாக ஒளிர்ந்தது. முதலில் ஒரு நல்வழியைத் தொடங்கி வைத்தவருக்கு, அதைப் பின்பற்றியவர்களின் கூலியைப் போன்ற கூலியும் உண்டு என்று அப்போது நவின்றார்கள். ஜரீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த நிகழ்ச்சி முஸ்லிம் நூலில் உள்ளது. தேவையைக் கண்டார்கள், கேட்கப்பட்டார்கள், ஒருவர் முந்தினார், ஊரே கொடுத்தது.

ஆனால் இதில் நாம் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இன்று யார் எங்கிருந்து கேட்டாலும் கைப்பேசியில் வந்து சேர்ந்துவிடுகிறது. அழும் குழந்தையின் படத்தைக் கண்டு, யார் எவர் என்று அறியாமல் பணம் அனுப்புகிறோம். உதவுவது நன்மையே, உண்மைதானா என்று விசாரித்து உதவ வேண்டும். அதே வேளையில் வாய் திறந்து கேட்காதவர் நம் தெருவிலேயே இருக்கிறார். அவர்களின் தன்மானத்தைக் கண்டு, அறியாதவன் அவர்களைச் செல்வந்தர்கள் என்றே எண்ணுவான் என்று அல்பகரா 273ஆம் வசனம் சுட்டுகிறது. கேட்பவருக்கு மட்டுமே கொடுக்கும் வீடு இந்த வசனத்தார் அனைவரையும் விட்டுவிடுகிறது.

அவ்வாறு விடுபடுவோரில் முதலாமவர் நம் சொந்த பந்தமே. எத்தனையோ வீடுகளில் தங்கைக்கோ சித்தப்பா மகனுக்கோ கொடுக்காததற்குக் காரணம் பணமின்மை அன்று. ஒரு பழைய மனத்தாங்கல், ஒரு பாகப்பிரிவினை, ஒரு கல்யாண வீட்டில் நடந்த வாக்குவாதம். உள்ளத்தில் பகையை வைத்திருக்கும் உறவினருக்குக் கொடுப்பதே மேலான தர்மம் என்ற கருத்திலும் ஹதீஸ் உண்டு. பெற்றோர், பாட்டன் பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஆகியோருக்கு ஜகாத் கொடுக்கக் கூடாது. அவர்களைப் பராமரிப்பது தனிக் கடமை. சகோதர சகோதரிகள், மாமா, மாமி, அத்தை, சித்தி போன்றோர் ஏழைகளாக இருந்து, அவர்களின் பராமரிப்பு நம்மீது கடமையாகாதிருந்தால் அவர்களுக்கு ஜகாத் கொடுக்கலாம். இது ஜகாத் என்று அவர்களிடம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மனத்தில் நிய்யத் இருந்தால் போதும்.

6. பெயரும் சடங்கும்

தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நன்று, மறைவாக ஏழைகளுக்குக் கொடுப்பது அதனினும் மேல் என்ற கருத்தை அல்பகரா 271ஆம் வசனம் தருகிறது. முழர் குலத்தாருக்குப் பண முடிப்பைக் கொண்டுவந்தவர் எல்லோரும் பார்க்கவே வைத்தார். அது பிறரைத் தூண்டியது. ஆனால் பெயர் பொறித்த மின்விசிறியைப் பள்ளிக்கு வாங்கிக் கொடுக்க முன்வரும் கை, தன் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணின் மருத்துவச் செலவுக்கு நீளாவிட்டால், நம்மை அசைத்தது எது என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். பள்ளிவாசல் பணிக்குக் கொடுப்பது சிறந்த ஸதக்கா. அது ஜகாத்தாக ஆகாது. ஜகாத்து தகுதியுள்ள ஒரு மனிதரின் கையில் அவருக்கே உரிமையாகப் போய்ச் சேர வேண்டும்.

சடங்கும் பெரும் பகுதியைத் தின்றுவிடுகிறது. கைக்கூலிக்காக ஒரு தகப்பன் கடன் வாங்குகிறார். அக்கடன் அடையும் வரை அவ்வீட்டில் தர்மம் என்ற பேச்சே இல்லை. இங்கே கைக்கூலி கேட்டவரும் அந்த ஏழைகளின் பங்கைத் தடுத்தவராகிறார் என்பதை மாப்பிள்ளை வீட்டார் சிந்திக்க வேண்டும். உறவினர், ஏழை, வழிப்போக்கர் ஆகியோரின் உரிமையைக் கொடுக்கச் சொன்ன அதே வசனத்தில்தான் வீண்விரயம் செய்யாதே என்றும் அல்லாஹ் சொல்லுகிறான் (17:26). விரயம் நிற்காமல் உரிமை போய்ச் சேராது.

7. முதலிலா, கடைசியிலா?

மேலே கண்ட காரணங்கள் எல்லாம் ஓர் இடத்தில் வந்து கூடுகின்றன. ஏழையின் பங்கு நம் வீட்டுக் கணக்கில் முதலில் எழுதப்படுகிறதா, கடைசியில் எழுதப்படுகிறதா? கடைசியில் எழுதினால் அச்சமும் சடங்கும் ஆசையும் அதை அரித்துவிடும். முதலில் எழுதினால் மற்றச் செலவுகள் தாமாகவே மீதிக்குள் அடங்கிக்கொள்ளும். ‘அஃப்வ்’ என்ற சொல்லுக்கு இது முரண் அன்று. குடும்பத்தின் உண்மையான தேவையை முன்கூட்டியே மதிப்பிட்டு, மிகுதியை ஆசை தின்னும் முன்பே எடுத்து வைப்பதாகும்.

இதற்கு அழகிய முன்மாதிரி முஸ்லிம் நூலில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி. பாலைவெளியில் நின்ற ஒருவர், இன்னாரின் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சு என்று மேகத்தில் ஒரு குரலைக் கேட்டார். மேகம் பொழிந்த நீரைப் பின்தொடர்ந்து போனால், ஒரு மனிதர் மண்வெட்டியால் தம் தோட்டத்துக்கு அந்நீரைத் திருப்பிக்கொண்டிருந்தார். அப்படி என்ன செய்கிறீர் என்று கேட்டதற்கு அவர் சொன்ன விடை ஒரு வீட்டுக் கணக்குத்தான். விளைவதைப் பார்த்து மூன்றில் ஒன்றைத் தர்மம் செய்வார். ஒன்றைத் தாமும் குடும்பத்தாரும் உண்பார்கள். ஒன்றைத் தோட்டத்துக்கே திருப்பிப் போடுவார். மூன்றில் ஒன்று நம் எல்லோராலும் முடியாது. அது கடமையும் அன்று. ஆனால் விளைச்சல் வந்தவுடனேயே பங்கு பிரித்த அந்த ஒழுங்கு எந்த வீட்டாலும் முடியும்.

நடைமுறைக்காகச் சில வழிகளைக் கூறுகிறோம்.

சம்பளமோ வியாபார வரவோ கைக்கு வந்த அன்றே, நூறில் ஒன்றோ இரண்டோ உங்களால் இயன்ற பங்கை எடுத்துத் தனியாக வையுங்கள். குறைந்தாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உகந்தது என்ற நபிமொழியை மறவாதீர்கள்.

ஆண்டுக்கொரு முறை, குறித்த பிறையில், கணவனும் மனைவியும் சேர்ந்து அமர்ந்து நகை, ரொக்கம், சரக்கு, வர வேண்டிய கடன் ஆகியவற்றை எழுதுங்கள். யாருடையது எது என்று தனித்தனியாக எழுதுங்கள்.

ரமலானில் மட்டும் கொடுத்து முடித்துவிடாதீர்கள். பள்ளிக் கட்டணம் ஜூன் மாதத்தில் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூலி வேலை நின்றுபோகிறது. நிஸாபுக்கு உடையவர் அந்த ஆண்டின் ஜகாத்தை முன்கூட்டியே நிய்யத்தோடு சிறிது சிறிதாகக் கொடுத்து வந்து, ஆண்டு முடிவில் சரிபார்த்துக்கொள்ள அனுமதி உண்டு.

தெருவில் கேட்காதவர்கள், உறவில் ஒதுங்கியவர்கள் என மூன்று பெயர்களையாவது மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களின் மானம் காக்கப்படட்டும்.

பிள்ளைகளின் கையால் உண்டியலில் போட வையுங்கள்; நிறைந்தபின் யாருக்குக் கொடுக்கலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். பெற்றோர் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கொடுப்பது பாரமாகத் தெரியாது.

அல்கலம் அத்தியாயத்தில் வேறொரு தோட்டத்தாரின் வரலாறும் உண்டு. ஏழை எவரும் இன்று உள்ளே வந்துவிடக் கூடாது என்று தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டு, விடியுமுன் அறுவடைக்கு விரைந்தார்கள். போய்ப் பார்த்தால் தோட்டம் இரவிலேயே அழிந்து கிடந்தது. வழி தவறி வந்துவிட்டோமோ என்றுகூட எண்ணினார்கள். பிறகு தங்கள் குற்றத்தை உணர்ந்து இறைவனிடம் திரும்பினார்கள். அவர்கள் திருடவில்லை, பிறர் பொருளைப் பறிக்கவில்லை, ஏழையின் பங்கைக் கணக்கிலிருந்து நீக்கினார்கள், அவ்வளவே. ஒரு தோட்டம் மேகத்தால் தேடி வந்து நனைக்கப்பட்டது. இன்னொரு தோட்டம் ஓரிரவில் கரிந்தது. நம் வீடு எந்தத் தோட்டத்தைப் போன்றது என்பதை நம் கணக்கேடே சொல்லும்.

உள்ளத்தின் உலோபத்திலிருந்து காக்கப்பட்டவர்களே வெற்றியாளர்கள் என்று திருமறை அறிவிக்கிறது. வல்ல நாயன் நம்மையும் நம் மனைவி மக்களையும் அக்கூட்டத்தில் ஆக்கி, நம் வருவாயில் பரக்கத்தையும் கொடுப்பதில் இக்லாஸையும் தந்தருள்வானாக! ஆமீன்.